அழித்து எழுதிய நேரம்

டைம்கீப்பர் வீட்டில் யாராவது மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்; கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பலகை வீட்டுக்குள் வந்தது ஆறு வாரத்துக்கு முன்பு. கல்லூரியின் முதல் செமஸ்டரிலேயே இரண்டு பாடத்தில் மண்ணைக் கவ்விவிட்டு வந்து நின்ற மகள் பாப்புவை உட்காரவைத்து, அப்பாவும் அம்மாவும் நடத்திய பஞ்சாயத்தின் தீர்ப்பு அது.

தீர்ப்பில் இரண்டே அம்சங்கள். பரீட்சை முடியும்வரை பாப்புவின் செல்போன் அப்பாவின் மேசை டிராயரில் பூட்டிக் கிடக்கும். கல்லூரியிலிருந்து என்ன தகவல் வந்தாலும் அப்பாவே தினமும் ஒரு முறை போனை எடுத்துப் பார்த்துப் பலகையில் ஏற்றிவிடுவார்.

"நேரம் என் பொறுப்பு. படிப்பு உன் பொறுப்பு" என்று அன்று சொன்னார் அப்பா. பாப்பு தலையை ஆட்டினாள்.

மனிதர் பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடமாக டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த டிரைவர் எந்த ஷிப்டில் ஏறுவார், யார் லீவு போட்டால் யாரை இழுத்து வருவது என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். நூற்றுச் சொச்சம் வண்டிகளுக்கு அட்டவணை போடுகிறவருக்கு ஒரே ஒரு மகளுக்குப் போடுவது பெரிய காரியமா என்ன?

போட்டார். முக்கால் மணி நேரம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. கணக்கு காலையில், தலை தெளிவாக இருக்கும்போது. மனப்பாடம் சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாள். முடித்த கட்டத்தில் பச்சை மையால் டிக் அடிக்க வேண்டியது பாப்புவின் வேலை.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலை செய்தது. படுத்துக்கொண்டே படித்து, புத்தகம் முழுக்க மஞ்சள் மையைப் பூசிவிட்டு "எல்லாமே முக்கியம்தான்ப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண், மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து சொந்தமாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தாள். பரீட்சைக்கு அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போய் வாசலில் நின்று அழுதவள், முதல் நாள் சாயங்காலமே பையைத் தயார் செய்து கதவோரம் வைத்தாள். ரெக்கார்டு நோட்டை வகுப்பிலேயே முதலாவதாகக் கொடுத்தவள் இவள்தான் என்று கேட்டபோது, அம்மா தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். அப்பா டிப்போவில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவரிடம் லேட்டாக வந்த டிரைவர்களுக்குத் திட்டு குறைவாகத்தான் விழுந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி, இந்தச் செவ்வாய்க்கிழமை தடம் புரண்டது.

செவ்வாய்க்கிழமை இயற்பியல் செய்முறைத் தேர்வு. பரீட்சை நாளன்று பலகையில் வேறெதுவும் எழுதக்கூடாது என்பது அப்பாவின் கொள்கை. அதனால் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பாடத்தின் பெயர், பேட்ச் 2, நேரம். சிவப்பு மை, அடியில் இரட்டைக் கோடு.

திங்கட்கிழமை சாயங்காலம்கூடப் பாப்பு கேட்டிருக்கிறாள். "அப்பா, நாளைக்கு மதியம்தானே? எதுக்கும் வாயாடிகிட்ட ஒரு தடவை கேட்டுக்கட்டுமா? ஒரே ஒரு போன்." வாயாடி என்பது அவளுடைய தோழி. அதே பேட்ச்.

"போனைக் கையில வாங்கினா ஒரு போனோட நிக்குமா? பலகைல இருக்குறத நம்பு" என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார் அப்பா. அவள் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்பே போய், ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்து, ஒன்றே முக்காலுக்கு வீடு திரும்பினார். வீட்டில் யாரும் இல்லை. கதவோரத்தில் பை இல்லாததைப் பார்த்துத் திருப்தியாகச் சட்டையைக் கழற்றி மாட்டினார். சாப்பிட உட்காரும்போது அவருடைய போன் அடித்தது. தெரியாத எண்.

"அப்பா..."

"என்னடா? யார் போன்ல இருந்து பேசுறே?"

"எங்க பேட்ச் காலையிலயே முடிஞ்சிடுச்சாம்ப்பா. ஒன்பதரைக்காம். இப்ப வேற பேட்ச் உட்கார்ந்திருக்கு. என்னை உள்ளயே விடல." மூச்சு வாங்கியது. "பலகைல ரெண்டுன்னுதானேப்பா போட்டிருந்துச்சு? ரெண்டுதானே?"

அப்பா திரும்பிப் பார்த்தார். சுவரில் அவருடைய மணியான கையெழுத்து. 2.00.

"நீ... நீ முதல்ல எச்.ஓ.டி.யைப் போய்ப் பாரு. அழாத. போய்ப் பாரு" என்று சொல்லி வைத்தார்.

டிராயரைத் திறந்து மகளின் போனை எடுத்தார். கல்லூரியின் நோட்டீசைத் தேடிப்பிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேட்ச் 2, காலை 9.30. பேட்ச் 1, பிற்பகல் 2.00. கண் தெரியாதவர்கூடத் தடவிப் படித்துவிடலாம்போல, பெரிய பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

டிப்போவில் முதல் ஷிப்ட் என்றால் காலை ஐந்து. இரண்டாவது என்றால் மதியம் இரண்டு. இருபத்தாறு வருடமாக இரண்டாவது என்று கண்ணில் பட்டதும் அவருடைய கை இரண்டு மணி என்று எழுதிப் பழகிவிட்டது. போன வாரம் இந்த நோட்டீசைப் பார்த்தபோதும் பேட்ச் எண்ணைப் பார்த்தார், மீதியைக் கை எழுதிவிட்டது. இரண்டாவது பேட்சைக் காலையில் வைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சரிபார்க்கவும் தோன்றவில்லை. டைம்கீப்பர் எழுதியதை யார் சரிபார்ப்பது?

போனில் வாயாடியிடமிருந்து பதின்மூன்று அழைப்புகள் வந்து கிடந்தன. ஒன்பது பத்தில் தொடங்கி ஒன்பதரை வரைக்கும். சத்தம் வராதபடி வைத்துப் பூட்டியது யார்? அவர்தான். அந்த நேரத்தில் பாப்பு அதே கூடத்தில், டிராயருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

அடுத்து அவர் செய்ததை யோசித்துச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுத்தமாகச் செய்தார். துணியை எடுத்து 2.00 என்பதை அழித்தார். சிவப்பு மையால் அதே இடத்தில், அதே அளவில், 9.30 என்று எழுதினார். கோடு அழிந்துபோயிருந்தது. ஸ்கேல் வைத்து இரட்டைக் கோட்டை மறுபடியும் போட்டார். செல்போனை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்றரைக்குப் பாப்பு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பலகையின் முன்னால் போய் நின்றாள். அப்பாவும் எழுந்து பக்கத்தில் போய் நின்றார். நிற்காமல் இருந்தால் சந்தேகப்படுவாளோ என்று பயம்.

"ஒன்பதரைன்னா போட்டிருக்கு?" என்றாள்.

அப்பாவும் பலகையையே பார்த்தார்.

"நான் நூறு தடவை பார்த்தேனேப்பா. ரெண்டுன்னு..." அவள் கையை நீட்டி எழுத்தின் மேல் விரலை வைக்கப் போய், அழிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டாள். "பேட்ச் ரெண்டுன்னு போட்டிருக்குல்ல? அதையே மணின்னு மண்டைல ஏத்திக்கிட்டேன்போல. இல்லப்பா?"

பாவி மகள் அவருக்காக ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். அப்பா வாயைத் திறந்தார். வந்தது ஒரே ஒரு "ம்".

"சாரிப்பா. ஆறு வாரமா நீங்க பாடுபட்டுப் போட்டதைக் கெடுத்துட்டேன்."

"போய் முகத்தைக் கழுவு."

அவள் உள்ளே போனதும் பையை எடுத்து நாற்காலியில் வைத்தார். ஜிப் திறந்திருந்தது. இரண்டு பேனா, சீவிய பென்சில் மூன்று, கால்குலேட்டர், வரைபடத்தாள், அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு, உறையில் அடையாள அட்டை. அவர் தாளில் எழுதிக் கொடுத்த பட்டியலின்படி, எழுதிக் கொடுத்த வரிசையிலேயே அடுக்கியிருந்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவரால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

இப்போதே சொல்லிவிட்டால் என்ன என்று இரண்டு முறை அவளுடைய அறை வாசல்வரை போனார். முதல் முறை அவள் குப்புறப் படுத்திருந்தாள். எழுந்ததும் சொல்லலாம் என்று திரும்பினார். இரண்டாவது முறை எழுந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடிக்கட்டும் என்று திரும்பினார். டிப்போவில் ஐந்து நிமிடத் தாமதத்துக்கு ஆளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற மனிதர், ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமலே இரண்டரை மணி நேரத்தைக் கடத்தினார்.

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். நாளெல்லாம் லென்ஸ் தேய்த்துத் தேய்த்துக் கண் சிவந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் அந்தக் கண்ணே கலங்கிவிட்டது. அழுகையை மறைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"உனக்குக் கண்ணு எங்கடி போச்சு? மனுஷன் கொட்டை எழுத்துல எழுதி, கோடு போட்டு, நடுச்சுவத்துல மாட்டியிருக்காரு. அதைக்கூடப் பார்க்கத் தெரியாதா? உங்கப்பா உனக்காக எவ்வளவு..."

"விடு" என்றார் அப்பா.

"எதுக்கு விடணும்? நீங்க கொடுக்குற இடத்துலதான் இவ இப்படி இருக்குறா."

"விடுன்னு சொல்றேன்ல!"

அவர் கத்தியதில் இருவரும் திடுக்கிட்டார்கள். மகள்மேல் உள்ள பாசத்தில் கத்துகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அதுவும் அவரைக் குத்தியது.

"எச்.ஓ.டி. என்னதான் சொன்னாங்க?" என்று அம்மா குரலை இறக்கினாள்.

"வியாழக்கிழமை மூணாவது பேட்ச் இருக்காம். அதுல உட்காரவைக்கலாமாம். ஆனா காரணம் எழுதித் தரணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள, அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டு."

"அவ்வளவுதானே? எழுதிக் குடுத்துடலாம்."

"நேரம் தப்பாயிடுச்சுன்னு மட்டும் சொன்னேம்மா. அது காரணமே இல்லைன்னுட்டாங்க. உடம்பு சரியில்ல, வீட்டுல ஏதாவது ஆச்சு, வேற யாராவது தப்பாத் தகவல் கொடுத்தாங்கன்னா பார்க்கலாமாம். சொந்தக் கவனக்குறைவுன்னா அடுத்த வருஷம்தான்." பாப்பு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஏற்கெனவே ரெண்டு போச்சு. இதுவும் போனா ரெண்டாம் வருஷத்துக்கு ஏத்த மாட்டாங்க."

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "காய்ச்சல்னு எழுதிடலாம். எங்க கடைக்கு மேலதான் டாக்டர் இருக்காரு. கேட்டா ஒரு சர்டிபிகேட் எழுதித் தராமலா போயிடுவாரு?"

அப்பாவுக்கு மூச்சு வந்தது. "அதான் சரி. காலையில கடுமையான காய்ச்சல், மதியம் கொஞ்சம் இறங்கினதும் எழுந்து ஓடினான்னு போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நானே போய் டாக்டர்கிட்ட பேசுறேன்." சட்டையை எடுக்கக் கையை நீட்டிவிட்டார்.

"வேண்டாம்ப்பா."

"ஏன்?"

"கவனமில்லாதவன்னு பேர் வாங்கியாச்சு. பொய் சொல்றவன்னும் வாங்கணுமா?" பாப்பு அறைக்குள் போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். "உள்ளதை எழுதிட்டேன். விடமாட்டாங்கன்னு தெரியும். பரவாயில்ல. நான் படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன். கண்ணு முன்னாடி எழுதியிருக்குறதையே படிக்கத் தெரியல, நான் பிசிக்ஸ் படிச்சு என்ன கிழிக்கப்போறேன்? நீங்க கையெழுத்துப் போடுங்க."

தாள் மேசைக்கு வந்தது. நான்கே வரி. 'பலகையில் என் தந்தை சரியான நேரத்தைத் தெளிவாக எழுதியிருந்தார். என்னுடைய கவனக்குறைவால் அதைத் தவறாகப் படித்தேன். இதற்கு வேறு யாரும் காரணம் அல்ல.' கீழே பெற்றோர் கையொப்பம் என்று எழுதி, பக்கத்தில் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தாள். அந்தப் புள்ளிகள்கூட நேர்க்கோட்டில் இருந்தன. எல்லாம் அவர் பழக்கிய ஒழுங்கு.

பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். 'தெளிவாக' என்ற சொல்லைத் தாண்டி அவருடைய கண் போக மறுத்தது. கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில் ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மகள் மட்டும் தன் கண்ணையே நம்பாதவளாக மிச்ச வாழ்க்கையை நடத்துவாள்.

"இதுல கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

"ஏன்ப்பா?"

"இது உண்மையில்ல." பேனாவை வைத்தார். "ரெண்டுன்னுதான் இருந்துச்சு. நீ சரியாத்தான் பார்த்தே. நான்தான் தப்பா எழுதினேன்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன ரெண்டு? அங்க ஒன்பதரைன்னுல்ல இருக்கு?"

பாப்புவுக்குப் புரிந்துவிட்டது. அவள் பலகையைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"மாத்தி எழுதினது எப்போ?"

"நீ போன் பண்ணின உடனே."

"அப்போ மூணரைக்கு நான் இங்க நின்னு, கண்ணு கெட்டுப்போச்சோ, மூளை கெட்டுப்போச்சோன்னு... நீங்க என் பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"ரெண்டாவது பேட்சைத்தான் மணின்னு நினைச்சுட்டேன்போலன்னு நான் கேட்டப்போ..."

"ஆமாம்மா." "பயந்துட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு நேரம் தப்பா எழுதினவன் இல்ல. அதை உன் விஷயத்துல எழுதிட்டேன்னு தெரிஞ்சதும் கை தானாப் போயிடுச்சு. மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல."

"என்னங்க இது" என்று மட்டும் சொன்னாள் அம்மா. சொல்லிவிட்டு, சற்று முன் யாரைத் திட்டினாளோ அவளுடைய தோளில் கையை வைத்தாள். பாப்பு அதை உதறவும் இல்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

அழுவாள் என்று எதிர்பார்த்தார் அப்பா. கத்துவாள், பலகையைப் பிடுங்கி எறிவாள் என்றுகூட எதிர்பார்த்தார். அவள் தான் எழுதிய தாளை நான்காகக் கிழித்தாள். நோட்டிலிருந்து புதிய தாள் ஒன்றைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்க."

எழுதினார். மகளின் செல்போனைத் தான் வாங்கிப் பூட்டி வைத்ததையும், தேர்வு நேரங்களைத் தானே பார்த்துக் குறித்துக் கொடுத்ததையும், காலை ஒன்பதரையைப் பிற்பகல் இரண்டு என்று தவறாகக் குறித்ததையும் எழுதினார். மாணவியின் தவறு எதுவும் இதில் இல்லை என்று முடித்தார். எழுத எழுத ஒரு ஆறுதல்கூட வந்தது. இதை ஏற்றுக்கொள்வார்கள். வேறொருவர் தப்பாகத் தகவல் கொடுத்தார் என்றால் பார்க்கலாம் என்றுதானே எச்.ஓ.டி. அம்மாள் சொல்லியிருக்கிறார்? வியாழக்கிழமை இவள் உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் சரியாகிவிடும். கையெழுத்தைப் போட்டுத் தாளை நீட்டினார்.

பாப்பு நின்றபடியே படித்தாள். படித்துவிட்டுத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"இது பாதிதான்ப்பா. அழிச்சதையும் எழுதுங்க."

"அது காலேஜுக்கு எதுக்கும்மா? தப்பாக் குறிச்சேன்னு சொன்னாலே போதுமே. அதுக்கே வியாழக்கிழமை விட்டுடுவாங்க."

"காலேஜுக்கு இல்ல" என்றாள் பாப்பு. "எனக்கு."

அவர் மறுபடியும் பேனாவை எடுத்தார். கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. 'தவறு தெரிந்த பிறகு, என் மகள் வீடு திரும்பும் முன் பலகையில் இருந்த நேரத்தை அழித்துத் திருத்தி எழுதினேன். அவள் கேட்டபோதும் உண்மையைச் சொல்லவில்லை.' இரண்டு வரிகள்தான். அவருடைய மணியான கையெழுத்து முதல் வரியிலேயே கோணிக்கொண்டது. அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்துப் போட்டார்.

பாப்பு அந்த இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்தாள். மடிக்காமல் தாளை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நாளைக்குப் பத்து மணிக்கு அந்தத் தாளை எச்.ஓ.டி.யின் மேசையில் வைக்கப்போகிறாளா, அப்பாவையும் கூட வரச் சொல்வாளா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.